ஐந்தொகை

தேவகோட்டை ரஸ்தாவில்
மூடிப்போன ஓர் அரிசி ஆலைக்குள்
எங்கள் கம்பெனி.
உமி வாசனை இன்னும் போகவில்லை.
பெயர்ப்பலகை மாட்டவில்லை;
'தண்ணி கம்பெனி' என்று
ஆட்டோக்காரர்களே வைத்துவிட்டார்கள்.
கேன் என்ன விலை என்று
வாரம் நாலு பேராவது வருகிறார்கள்.
இது குடிக்கிற தண்ணீர் இல்லை என்றால்
பிறகு எதுக்கு இவ்வளவு கரண்டு என்கிறார்கள்.

நியாயமான கேள்வி.

திங்கட்கிழமை லாரி வந்தது.
எங்கோ தீயணைப்புப் பயிற்சி நடந்த குழியிலிருந்து
ஆறாயிரம் லிட்டர்.
டிரைவர் செங்கோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
"ஒண்ணுமே இல்லையே,
எங்க ஊருணியைவிடத் தெளிவா இருக்கு."

அதுதான் சங்கடம்.
நிறமில்லை. நாற்றமில்லை.
காய்ச்சினால் போகாது, வெயிலுக்கு மசியாது,
தின்று தீர்க்க ஒரு கிருமியும் முன்வரவில்லை.
தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்க
மழைக்கோட்டில் மழை தங்காமலிருக்க
கார்பனுக்கும் ஃப்ளோரினுக்கும்
நாம் செய்துவைத்த கல்யாணம்.
அறுத்துவிட
ஆற்றுக்கும் தெரியவில்லை, மண்ணுக்கும் தெரியவில்லை.

கரியில் வடிகட்டிவிடலாமே என்றார்
கடன் கொடுத்த பாங்குக்காரர்.
வடிகட்டலாம் என்றாள் உமையாள்.
தண்ணீர் பேரில் இருக்கிற பற்று
கரி பேருக்கு மாறும்.
கரியைப் புதைத்தால் மண் பேருக்கு.
மண்
ஐப்பசி வரை பொறுத்திருந்து
மறுபடி தண்ணீர் பேரிலேயே எழுதும்.
ரங்கூனில் பேரேடு எழுதிய வம்சம்.
அவர் மேற்கொண்டு பேசாமல் காப்பி குடித்தார்.

தகட்டில் பூசியிருப்பது வைரம்.
கல் இல்லை, பூச்சு.
போரான் கலந்ததில் கறுத்துப்போனது.
உமையாளின் ஆத்தா ஒருநாள் வந்து
கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு
தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
"இதையா வைரம்னு சொல்லிக் காசு வாங்குனான்?"

இரவு ஒன்பதுக்குக் கரண்டு விட்டோம்.
தகட்டோரம் பொடிப்பொடியாய்க் குமிழ்.
கட்டு அறுந்தால் ஃப்ளோரைடு தனியே வரும்.
உள்ளே போன ஃப்ளோரின் எவ்வளவு,
வெளியே வந்தது எவ்வளவு:
அரைமணிக்கொரு தடவை நான் எழுதவேண்டும்.
பதினொன்றுக்கு நாற்பது சதம்.
ஒன்றரைக்கு எழுபத்திரண்டு.
நடுவில் ஒருமுறை மின்வெட்டு, ஜெனரேட்டர், கொசு.
நாலேகாலுக்குத் தொண்ணூற்றாறு.
ஐந்தொகை விழுந்துவிட்டது என்று கத்தினேன்.
நைனா முகம்மது தூக்குவாளியில் டீ வாங்கி வந்தார்.
செங்கோலை எழுப்பி அவருக்கும் கொடுத்தோம்.

உமையாள் மட்டும் குடிக்கவில்லை.
இன்னொரு சோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில் உப்பு இருந்திருக்கிறது,
எந்தத் தண்ணீரிலும் இருக்கிற உப்பு.
வைரத்துக்குப் பகை எது உறவு எது தெரியுமா?
அதையும் சேர்த்துப் பொசுக்கி
பெர்குளோரேட் ஆக்கிவிட்டது.
அதுவும் லேசில் போகாது.
அதற்கும் நிறமில்லை.

நான்தான் சொன்னேன்,
சொன்னது நான்தான்:
ஒப்பந்தத்தில் பழைய விஷத்தின் பேர் மட்டும்தானே இருக்கு,
இதை யார் கேட்கப்போறாங்க?
பதினைந்தாம் தேதி தவணை.

அவள் திட்டவில்லை.
"ராயப்பன், வரவு எழுதாத ஏடு உங்க கையில இருந்தா
எங்க அப்பச்சி என்ன சொல்வாக தெரியுமா" என்று ஆரம்பித்து
முடிக்காமல் விட்டாள்.

பத்து மணிக்குப் போன் வந்தது.
பழையது போயிடுச்சு சார்.
புதுசு ஒண்ணு நாங்க போட்டிருக்கோம்.
இல்லை, அனுப்ப முடியாது.
முதல்ல உப்பை எடுக்கணும்,
அப்புறம் திரும்ப ஓட்டணும்.
தெரியும் சார். தெரியும்.
எதிர்முனை வைத்த பிறகும்
போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

ஆறாயிரம் லிட்டரும் தொட்டிக்குத் திரும்பியது.
தொண்ணூற்றாறை அடிக்காமல்
கீழே இன்னொரு வரி எழுதினேன்,
'நிலுவை' என்று.
பேனா மை திட்டாகிவிட்டது.

வாசலில் பிளாஸ்டிக் குடத்தோடு ஒருவர்.
கேன் என்ன விலை?

இங்கே விக்கிறதில்லைங்க.

உள்ளே மோட்டார் ஓடுதே என்றார்.
ஆமாம், ஓடுது என்றேன்.